ஓவர்டைம் யாருக்கு உண்டு? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலை செய்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பாடம், விடைத்தாள், கமிட்டி என்று வாரம் 60 மணி நேரம் ஓடுகிறது. ஓவர்டைம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. 1938-ல் வந்த கூட்டாட்சித் தொழிலாளர் சட்டப்படி வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு ஊதியம். ஆனால் கற்பிப்பதே முதன்மை வேலையாக உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு பாடம் எடுக்கும் பகுதிநேர ஆசிரியருக்கும் இதே கதைதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

கேள்வி: நான் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சியாளர். குழந்தை பிறந்த பிறகு அரை நேரத்துக்கு மாறிவிட்டேன், வருஷம் 31,000 டாலர். "நீங்கள் ஓவர்டைம் விலக்கில் இருப்பவர், உங்களுக்கு ஓவர்டைம் கிடையாது" என்கிறார்கள். சரியா, சார்?

பதில்: உங்கள் வேலை ஆராய்ச்சி மட்டும்தான் என்றால், அவர்கள் சொல்வது தவறு. ஆராய்ச்சியாளருக்கு விலக்கு பொருந்த வேலையின் தன்மை மட்டும் போதாது, வாரம் 684 டாலராவது (வருஷத்துக்கு 35,568) சம்பளம் வேண்டும். அரை நேர வேலை என்பதற்காக அந்த வரம்பு பாதியாகாது. இங்கேதான் பல அலுவலகங்கள் சறுக்குகின்றன. 2024 ஜூலையில் வரம்பை 844 ஆக்கினார்கள். நவம்பரில் டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்ததால் பழையபடி 684. உங்கள் சம்பளம் அதற்கும் கீழே என்பதால் உங்கள் வேலை நேரத்தை அவர்கள் பதிவு செய்தாக வேண்டும். அதற்காக 20 மணியைத் தாண்டியதும் ஒன்றரை மடங்கு வராது. அது 40-க்கு மேல்தான். உங்கள் மாநில வரம்பையும் பாருங்கள். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற இடங்களில் இதைவிட நிறையவே அதிகம்.

கேள்வி: ஆய்வகத்தில் மணிக்கணக்குச் சம்பளம். போன வாரம் 46 மணி நேரம் ஆகிவிட்டது. "இந்த வாரம் 34-ல் நிறுத்திக்கொள், கணக்கு நேராகிவிடும்" என்கிறார் மேலாளர். முன் அனுமதி வாங்கவில்லை என்றும் குறை சொல்கிறார்.

பதில்: நேராகாது. ஒவ்வொரு வாரமும் தனிக் கணக்கு. மணிக்கு 20 டாலர் என்றால் அந்த 6 மணிக்கு 30 வீதம் 180 டாலர். அனுமதி வாங்காததற்கு உங்களைக் கண்டிக்கலாம். ஆனால் நீங்கள் வேலை செய்வது தெரிந்தும் விட்டுவிட்டு, அப்புறம் பணம் இல்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி: பணத்துக்குப் பதில் லீவு தருகிறார்களே?

பதில்: அரசுப் பல்கலைக்கழகம் என்றால், முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் தரலாம். அதுவும் ஒரு மணிக்கு ஒன்றரை மணி லீவு. பொதுவாக 240 மணி வரை சேரலாம். தனியார் பல்கலைக்கழகத்துக்கு அந்த வழி கிடையாது.

கேள்வி: அண்ணா, முனைவர் பட்ட மாணவன் நான். ராத்திரி பகலாக லேபில்தான் கிடக்கிறேன்!

பதில்: தம்பி, பேராசிரியரின் மேற்பார்வையில் உன் பட்டத்துக்காகச் செய்யும் ஆராய்ச்சியை இந்தச் சட்டம் பொதுவாக வேலையாகவே எண்ணுவதில்லை. அதே நீ நூலகத்தில் மணிக்கணக்கில் வேலை பார்த்தால் அதற்கு உண்டு.

கேள்வி: விசாவில் இருப்பவர்கள் புகார் செய்யலாமா? எவ்வளவு நாளைக்குள்?

பதில்: விசா எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். புகார் செய்ததற்காகப் பழிவாங்குவதும் குற்றம். 2 வருஷத்துக்குள், தெரிந்தே மறுத்திருந்தால் 3 வருஷத்துக்குள் கேட்கலாம். வந்த நேரம், போன நேரத்தை இன்றிலிருந்தே சொந்த நோட்டில் எழுதி வையுங்கள், அலுவலகக் கணினியில் வேண்டாம்.