ஊர் முந்தியா, பேர் முந்தியா?

போன இதழில் ஒரு சின்னக் கேள்விக்கு, சிட்னி நகரத்துக்கு அந்தப் பெயர் சிட்னி என்ற மாலுமியால் வந்தது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கேள்வி. எல்லாமே மனிதர்களின் குடும்பப்பெயரும் ஊர்களின் பெயரும் ஒன்றாக இருப்பதைப் பற்றித்தான், அதனால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. முதலில் திட்டு.

கேள்வி: சிட்னி என்று ஒரு மாலுமியே கிடையாது. தெரியாவிட்டால் பேசாமல் இருந்திருக்கலாமே?

பதில்: இருந்திருக்கலாம். தப்பு என்னுடையதுதான். 1788-ல் அந்தக் குடியேற்றத்துக்குப் பெயர் வைத்த ஆர்தர் ஃபிலிப், லண்டனில் தனக்கு மேலே இருந்த அமைச்சர் சிட்னி பிரபுவின் பெயரை வைத்தார். ஆனால் அந்த மனிதருக்கும் சிட்னி என்பது குடும்பப்பெயர் இல்லை, பட்டம். ஆள் தாமஸ் டவுன்ஷெண்ட். மெல்போர்னும் அதே கதைதான், 1837-ல் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த மெல்போர்ன் பிரபுவின் பட்டம் அது, அவருடைய குடும்பப்பெயர் லாம்ப், அதாவது ஆட்டுக்குட்டி. பட்டத்தை விட்டுவிட்டுக் குடும்பப்பெயரை வைத்திருந்தால், டிசம்பர் கடைசியில் ஆஸ்திரேலிய அணி வருஷாவருஷம் ஆட்டுக்குட்டியில்தான் டெஸ்ட் ஆடிக்கொண்டிருக்கும். நியூசிலாந்தின் வெலிங்டனுக்குப் பெயர் கொடுத்த கோமகனின் குடும்பப்பெயர் வெல்லெஸ்லி.

இந்தப் பட்டங்களில் இரண்டு எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் சாமர்செட்டில் வெலிங்டன் என்று ஓர் ஊர், டெர்பிஷயரில் மெல்போர்ன் என்று ஓர் ஊர். ஊர்ப்பெயர் பட்டமாகி, பட்டம் கடல் தாண்டி மறுபடி ஊராகியிருக்கிறது. நடுவில் இருந்த மனிதரின் குடும்பப்பெயர் எங்கேயும் ஒட்டவே இல்லை.

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டன், வாஷிங்டன் நகரம். இதில் எது முதலில்?

பதில்: இரண்டுக்கும் முந்தியது மூன்றாவதாக ஒன்று. இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லேண்டுக்குப் பக்கத்தில் வாஷிங்டன் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் டி ஹார்ட்பர்ன் என்ற நிலக்கிழார் அங்கே குடிவந்தார். ஹார்ட்பர்ன் என்பதும் அவருடைய பழைய நிலத்தின் பெயர்தான், 'டி' என்றால் அந்த ஊர்க்காரர் என்று அர்த்தம். நிலம் மாறியதும் பெயரும் மாறி, வில்லியம் டி வாஷிங்டன் ஆகிவிட்டார். நாம் வீடு மாறினால் முகவரியை மாற்றிக்கொள்கிற மாதிரி அவர் பெயரையே மாற்றிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பரம்பரை பிறகு அந்த ஊரைவிட்டே போய்விட்டது, பெயர் மட்டும் கூடவே போனது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் வாஷிங்டன் என்பவர் கப்பலேறி வர்ஜீனியாவுக்குப் போனார். ஜார்ஜ் அவருடைய கொள்ளுப்பேரன்.

1791-ல் புதுத் தலைநகருக்கு ஜார்ஜின் பெயரை வைத்தபோது அவர் உயிரோடு, அதிபர் நாற்காலியிலேயே இருந்தார். அவரே அதை அந்தப் பெயரால் கூப்பிடக் கூச்சப்பட்டு 'கூட்டாட்சி நகரம்' என்றுதான் சொல்லிவந்தார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசில்லை. 1853-ல் மேற்குக் கடற்கரையில் ஒரு புதுப் பிரதேசத்தைப் பிரித்தபோது அதற்கு முதலில் வந்த பெயர் கொலம்பியா. தலைநகர் இருக்கும் பகுதிக்கும் கொலம்பியா மாவட்டம் என்று பெயர் இருக்கிறதே, குழப்பம் வருமே என்று யோசித்த நாடாளுமன்றத்தார், குழப்பத்தைத் தவிர்க்க அதற்கு வாஷிங்டன் என்று வைத்தார்கள்! 1889-ல் அது மாநிலமும் ஆகிவிட்டது, இன்றுவரை வாஷிங்டன் என்றால் எந்த வாஷிங்டன் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: என் குடும்பப்பெயரில் வெளிநாட்டில் ஓர் ஊர் இருப்பதை வரைபடத்தில் பார்த்தேன். எங்கள் முன்னோர் அங்கிருந்து வந்திருப்பார்களா? அல்லது அந்த ஊரே எங்கள் ஆட்களின் பெயரால் வந்ததா?

பதில்: உங்கள் ஆர்வத்தைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம், மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் உண்டு, இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருப்பது. செசில் ரோட்ஸ் பெயரால் ரோடீஷியா என்று ஒரு நாடே இருந்தது. கிரேக்கத்தில் ரோட்ஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல்கூட ஒன்றேதான், ஆனால் அந்த ஆங்கிலக் குடும்பப்பெயர் காட்டை வெட்டித் திருத்திய இடத்தைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. தீவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

சரி, சம்பந்தம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் அது ரத்த சம்பந்தமாக இருக்க வேண்டியதில்லை. ஊர்ப்பெயர் ஒரு மனிதனுக்கு எப்படி ஒட்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் என்றால் ஊரில் இருக்கும்போதே ஒட்டும், மேலே சொன்ன வில்லியம் மாதிரி. மற்ற எல்லோருக்கும் ஊரைவிட்டுப் போன பிறகுதான் ஒட்டும். வின்சி என்ற ஊருக்குள்ளேயே நின்றுகொண்டு ஒருவரை 'வின்சிக்காரர்' என்று கூப்பிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். லியனார்டோ வெளியே போனதால்தான் டா வின்சி. அதனால் அந்தப் பெயர் முதலில் சொல்வது, உங்கள் முன்னோர் எங்கே இருந்தார்கள் என்பதைவிட, எங்கிருந்து கிளம்பிவிட்டார்கள் என்பதைத்தான். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தது 1888-ல் திருத்தணியில், சர்வபள்ளி என்பது குடும்பம் விட்டுவந்த ஊர், நெல்லூர்ப் பக்கம். லதா மங்கேஷ்கரின் அப்பா, கோவாவில் இருக்கும் தன் ஊரான மங்கேஷியின் பெயர் நிலைக்க வேண்டும் என்று அவராகவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர்.

ஒரே ஊரிலிருந்து நூறு பேர் நூறு திசைக்குப் போனால், போன இடத்தில் நூறு பேருக்கும் அதே பெயர்தான், அதில் பாதிப் பேர் ஊரில் இருந்தபோது ஒருவரோடு ஒருவர் பேசாதவர்களாகக்கூட இருந்திருப்பார்கள். கனடாவில் ஒரு ஹாமில்டன், நியூசிலாந்தில் ஒன்று, பெர்முடாவில் ஒன்று, மூன்றும் மூன்று வெவ்வேறு ஹாமில்டன்களின் பெயரால் வந்தவை. ஸ்காட்லாந்தில் இருக்கும் ஹாமில்டனுக்கு 15-ஆம் நூற்றாண்டு வரை கேட்ஸோ என்றுதான் பெயர், ஹாமில்டன் குடும்பம் செல்வாக்கானதும் ஊர் பெயரை மாற்றிக்கொண்டது. அந்த ஊருக்குப் போய் இதுதான் எங்கள் பூர்வீகம் என்று உருகுகிற ஹாமில்டன்கள், பெயரைக் கொடுத்தது ஊர் இல்லை, குடும்பம்தான் ஊருக்குக் கொடுத்தது என்பதையும் தெரிந்துகொண்டு உருகலாம்.

உங்கள் விஷயத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த ஊருக்கு அந்தப் பெயர் எந்த வருஷம் வந்தது என்று முதலில் பாருங்கள். உங்கள் குடும்பப் பத்திரங்களில் பெயர் அதற்கு முன்பே இருந்தால் உங்கள் பெயர் அங்கிருந்து வரவில்லை.

கேள்வி: குடும்பப்பெயரில் நாடுகள் உண்டா?

பதில்: உண்டு. கொலம்பஸின் இத்தாலியப் பெயர் கொலோம்போ, அதிலிருந்து கொலம்பியா. பிரெஞ்சு நிதியமைச்சர் ஒருவரின் பெயரில் இருந்த செஷல் என்பதிலிருந்து செஷல்ஸ். சவூத் குடும்பத்தின் பெயரால் 1932 முதல் சவூதி அரேபியா. (அமெரிக்கா இந்தக் கணக்கில் வராது, அமெரிகோ வெஸ்பூச்சியின் முதல் பெயர் அது.)

எனக்குப் பிடித்தவை இரண்டு. 1825-ல் பிறந்த பொலிவியாவுக்கு சிமோன் பொலிவாரின் பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த பொலிவார் யார் என்று போனால், ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டில் மலைகளுக்கு நடுவே ஒரு குக்கிராமம். அவருடைய முன்னோர் 16-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து வெனிசுவேலாவுக்குக் கிளம்பியவர்கள். பாஸ்க் மொழியில் அந்த ஊர்ப்பெயருக்கு மாவு அரைக்கும் ஆலை இருக்கிற பள்ளத்தாக்கு என்று பொருள். ஆண்டீஸ் மலைமேல் ஒரு தேசம், அதற்குப் பெயர் ஏதோ ஒரு மாவுமில்!

இரண்டாவது, பசிபிக்கில் கிரிபாட்டி. பார்த்தால் ஆதிப்பெயர் போலத்தானே இருக்கிறது? 1788-ல் சிட்னிக்குக் கைதிகளை இறக்கிவிட்டு, தேயிலை ஏற்றச் சீனாவுக்குப் போன இரண்டு கப்பல்களின் தலைவர்கள் தாமஸ் கில்பர்ட், ஜான் மார்ஷல். வழியில் கண்ட தீவுகளில் ஒரு கூட்டத்துக்குக் கில்பர்ட் பெயர், இன்னொரு கூட்டத்துக்கு மார்ஷல் பெயர் பின்னால் வந்து சேர்ந்தது. மார்ஷல் அப்படியே இருக்கிறது. கில்பர்ட்ஸ் என்பது உள்ளூர்க்காரர்கள் வாயில் கிரிபாஸ் ஆனது. அவர்கள் மொழியில் 'ஸ்' ஒலியைத் தனி எழுத்தால் எழுதுவதில்லை, ஆங்கிலத்தின் டி, ஐ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். 1979-ல் சுதந்திரம் வந்தபோது அந்த எழுத்துக்கூட்டலோடு பெயரை வைத்துக்கொண்டார்கள். நாம் எழுத்தைப் பார்த்து கிரிபாட்டி என்று படிக்கிறோம், அவர்கள் கிரிபாஸ் என்கிறார்கள், இரண்டுக்கும் உள்ளே கில்பர்ட் உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம், பரிணாமக் கொள்கைக்கு மரியாதையா?

பதில்: இல்லை, பழைய சிநேகிதத்துக்கு. 1839-ல் பீகிள் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வந்தபோது, முன்பு தங்களோடு பயணம் செய்த சார்லஸ் டார்வினை நினைத்துத் தலைவர் விக்கம் அந்தப் பெயரை வைத்தார். பரிணாமப் புத்தகம் வர அப்போது இன்னும் 20 வருஷம் இருந்தது. டார்வின் அந்த ஊருக்குப் போனதே இல்லை.

கேள்வி: எவரெஸ்ட் என்பவர் எவரெஸ்ட்டைப் பார்த்திருக்கிறாரா?

பதில்: சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டது, இந்திய நில அளவைத் துறைத் தலைவராக இருந்த அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகு. பெயர் வைக்கப்போவதைக் கேட்டு, அந்தப் பக்கத்து மக்கள் வாயில் இது நுழையாதே, அவர்கள் மொழிகளில் எழுதவும் வராதே என்று 1857-ல் அவரே ஆட்சேபித்தார். கேட்பாரில்லை, 1865-ல் உறுதியாகிவிட்டது. அவர் பயந்ததும் நடந்தது, ஆனால் இந்தியர்கள் மட்டும் இல்லை, உலகமே தப்பாகத்தான் சொல்கிறது. அவர் குடும்பத்தில் அதை 'ஈவ்ரெஸ்ட்' என்பார்கள்.

கேள்வி: தன் பெயரில் ஊர் உருவாவதைக் கூடவே நின்று பார்த்தவர் யாராவது உண்டா?

பதில்: ஆபிரகாம் லிங்கன். 1853-ல் இல்லினாய்சில் ரயில் பாதையை ஒட்டி ஒரு புது ஊர், அதற்கான பத்திரங்களை எழுதிக்கொடுத்த வக்கீல் அவர். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் வக்கீல் பெயரையே வைத்துவிடலாம் என்றார்கள். லிங்கன் என்ற பெயர் வைத்த எதுவும் உருப்பட்டதாகத் தெரியவில்லையே என்று அவர் இழுத்ததாகச் சொல்வார்கள். அப்புறம் மனை விற்பனை நடந்த அன்று தர்பூசணிப் பழத்தை வெட்டி, அதன் சாற்றைத் தரையில் விட்டு, ஊருக்குப் பெயர் சூட்டினார். அவர் அதிபராக இன்னும் 8 வருஷம் இருந்தது, அந்த ஊரில் அவரை வெறும் வக்கீலாகத்தான் தெரியும்.

கேள்வி: இர்விங் பெர்லின் பெர்லின்காரரா, ஜாக் லண்டன் லண்டன்காரரா?

பதில்: இரண்டு பேருமே இல்லை. எழுத்தாளர் ஜாக் லண்டனுக்கு அது வளர்ப்புத் தந்தையின் குடும்பப்பெயர். இசையமைப்பாளர் இர்விங்கின் பெயர் பெய்லின், 1907-ல் அச்சான முதல் பாட்டில் பெர்லின் என்று விழுந்துவிட்டது, அதையே வைத்துக்கொண்டார். அச்சுப்பிழையால் இப்படி நல்லதும் நடக்கும் என்று இதழின் ஆசிரியரிடம் காட்டினேன். சிட்னி அச்சுப்பிழை இல்லை என்றார்.

கேள்வி: ஹூஸ்டன் நகரமும் நியூயார்க்கின் ஹூஸ்டன் தெருவும் ஒரே ஆள் பெயரா?

பதில்: இல்லை. நகரம் டெக்ஸஸ் தலைவர் சாம் ஹூஸ்டன் பெயரால் 1836-ல் வந்தது. தெரு வேறு ஒருவர் பெயரால், உச்சரிப்பும் வேறு, நியூயார்க்காரர்கள் 'ஹவுஸ்டன்' என்பார்கள், மாற்றிச் சொன்னால் வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஹூஸ்டன் என்ற குடும்பப்பெயரோ ஸ்காட்லாந்தில் ஓர் ஊரிலிருந்து வந்தது, அந்த ஊர்ப்பெயர் ஹியூ என்ற ஒருவரின் ஊர் என்பதிலிருந்து வந்தது. நிலவில் இறங்கியவர்கள், தங்கள் கட்டுப்பாட்டு மையம் இருந்த ஹூஸ்டனைக் கூப்பிட்டபோது, அந்தப் பழைய ஹியூவையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.