ப்ராசசரா, ராமா: வொர்க்ஸ்டேஷன் கேள்வி பதில்

கேள்வி: ரைசன் 9 7900எக்ஸ் சிஸ்டத்தில் இரண்டு 16 ஜிபி ராம், எக்ஸ்போ (ராமின் கூடுதல் வேகத்தை இயக்கும் மதர்போர்டு செட்டிங்) போட்டு 6000 வேகத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ப்ளெண்டர் 3டி சீன்கள் பெரிதாகிவிட்டதால் அதே கம்பெனி, அதே மாடல் எண்ணில் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டேன். இப்போது சில நாள் பூட் ஆவதே இல்லை. பூட் ஆனாலும் அரை மணியில் ப்ளூ ஸ்கிரீன். புது ராம் பழுதா அண்ணா?

பதில்: ராம் நல்லதாகவே இருக்கலாம் தம்பி. நான்கு ராமையும் சேர்த்து 6000-இல் ஓட்டுவதுதான் சிக்கல். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ராமுக்கு 5200, நான்கு போட்டால் வெறும் 3600. எக்ஸ்போ காட்டும் 6000 ஓவர்கிளாக் கணக்கில்தான் சேரும். ஒரே சேனலில் (ராமுக்கும் ப்ராசசருக்கும் இடையிலான பாதை) இரண்டு ராம் உட்காரும்போது ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடுகிறது, சிக்னலின் தெளிவும் குறைகிறது. மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். கம்பெனி சோதித்துத் தருவது ஒரே பெட்டியில் வந்த ஜோடியை மட்டும்தான். இரண்டு பெட்டிகள் சேர்ந்து ஓடும் என்று யாரும் உறுதி தருவதில்லை.

முதலில் பயாஸில் (போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்போவை அணைத்துவிடுங்கள். பயாஸுக்குள்ளேயே போக முடியவில்லை என்றால், கரண்டைத் துண்டித்துவிட்டு சிமாஸ் கிளியர் (பயாஸ் செட்டிங்குகளை அழிப்பது) செய்யுங்கள். போர்டில் அதற்காக இணைக்க வேண்டிய இரண்டு பின் இருக்கும். கண்ணில் படாவிட்டால் வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடலாம். நான்கு ராமும் 3600-இல் பூட் ஆன பிறகு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். குறைந்தது நான்கு சுற்று. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான். "ஒன்றிரண்டு பிழை பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒரு பிழை நாளை உங்கள் ப்ளெண்டர் ஃபைலுக்குள் எழுதப்படும்.

3600-இல் பிழை இல்லையென்றால் 4800, பிறகு 5200 என்று ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் மறுபடி சோதியுங்கள். எங்கே பிழை தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் மின்னழுத்தம்) ஏற்றிப் பார்க்கச் சொல்லும் ஆலோசனை நிறைய வரும். 2023-இல் சில ரைசன் 7000 ப்ராசசர்கள் எரிந்த பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. அதைத் தாண்டவே கூடாது.

3600-லேயே பிழை வந்தால் மட்டும் ராமைச் சந்தேகப்படுங்கள். மூன்றைக் கழற்றிவிட்டு, ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஏ2 ஸ்லாட்டில் ஒவ்வொன்றாகப் போட்டு சோதியுங்கள். ஒரு ராம் மட்டும் பிழை காட்டினால் அது பழுது. நான்குமே காட்டினால் கோளாறு ஸ்லாட்டிலோ ப்ராசசரிலோ இருக்கிறது.

திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருந்தால், புது ஜோடியைக் கொடுத்துவிட்டு 32 ஜிபி இரண்டு உள்ள ஒரே பெட்டியாக வாங்குங்கள். அதே 64 ஜிபிதான், தலைவலி இருக்காது. நாளை இன்னும் வேண்டும் என்று தோன்றினால் 48 ஜிபி ஜோடியும் கிடைக்கிறது, மொத்தம் 96. திருப்ப முடியாது என்றாலும் பெரிய நஷ்டம் இல்லை. ப்ராசசரில் நடக்கும் ப்ளெண்டர் ரெண்டருக்கு ராம் வேகத்தால் வரும் வித்தியாசம் சிறியது. சீன் ராமுக்குள் அடங்காமல் எஸ்எஸ்டிக்குப் போவதுதான் உண்மையில் நேரத்தைத் தின்னும்.

கேள்வி: புது ஏஎம்5 போர்டு, ரைசன் 7 9700எக்ஸ், டிடிஆர்5. ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு. போர்டில் டிராம் என்ற விளக்கு எரிகிறது. மூன்று முறை ஆஃப் செய்து ஆன் செய்தேன், அதே கதை.

பதில்: ஆஃப் செய்ததுதான் தப்பு. முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ஒவ்வொரு ராமுக்கும் சிக்னல் நேரத்தைக் கணக்கிட்டுப் பழகும். டிடிஆர்5-இல் இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம், நடுவில் தானாக ரீஸ்டார்ட்டும் ஆகலாம். நீங்கள் நிறுத்தும்போதெல்லாம் அது முதலிலிருந்து தொடங்குகிறது. கையைக் கட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஏ2 ஸ்லாட்டில் ஒரே ராமை மட்டும் வைத்துப் பாருங்கள். கூடவே, ரைசன் 7000 காலத்துப் போர்டு 9000 வரிசை ப்ராசசரை அடையாளம் காண பயாஸ் அப்டேட் வேண்டும். பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் இருந்தால் பென்டிரைவ் வழியாகவே ஏற்றிவிடலாம்.

கேள்வி: கோர் ஐ7-14700கே வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு மாதமாக குரோம் டேப்கள் தானாக மூடுகின்றன. பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் சிஆர்சி பிழை (ஃபைல் கெட்டிருக்கிறது என்ற செய்தி). அதே ஃபைல் லேப்டாப்பில் சரியாகப் பிரிகிறது. என்விடியா டிரைவர் இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது. கடையில் ராமை மாற்றச் சொல்கிறார்கள் சார்.

பதில்: ராமுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களின் தேய்மானக் கோளாறைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ப்ராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, அதனாலேயே உள்சுற்று மெல்லத் தேய்ந்து, பழைய வேகத்தில் ஓட முடியாமல் கணக்குத் தப்பும். சுருக்கிய ஃபைலைப் பிரிப்பதில் ஒரு பிட் தப்பினாலும் உடனே வெளியே தெரிந்துவிடும். டிரைவர் இன்ஸ்டாலரும் சுருக்கிய ஃபைல்தான்.

ஆனாலும் ராமை முதலில் விலக்க வேண்டும். எக்ஸ்எம்பியை (எக்ஸ்போ போல இன்டெல் வைத்திருக்கும் செட்டிங்) அணைத்து, மெம்டெஸ்ட் நான்கு சுற்று. சுத்தமாக வந்தால், பயாஸில் அல்லது இன்டெல் எக்ஸ்டியு மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் கோர் ரேஷியோவை 53-க்கு, அதாவது 5.3 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். இப்போது அதே ஜிப் ஃபைலைப் பத்து முறை பிரியுங்கள். பிழை நின்றுபோனால் குற்றவாளி ப்ராசசர்தான்.

2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடுகளை (ப்ராசசருக்குள் ஏறும் திருத்த நிரல்கள்) இன்டெல் வெளியிட்டது. 2025-இல் 0எக்ஸ்12எஃப் வந்தது. புது பயாஸ் ஏற்றினால் இவை கிடைக்கும், அவசியம் ஏற்றுங்கள். இது மேற்கொண்டு தேயாமல் காக்கும், தேய்ந்ததைத் திரும்பக் கொண்டுவராது. ரேஷியோவை இறக்கி ஓட்டுவதும் நோயைக் கண்டுபிடிக்கத்தான், அப்படியே வருடக்கணக்கில் வைத்துக்கொள்ள அல்ல. பெட்டியோடு விற்ற இந்த ப்ராசசர்களுக்கு இன்டெல் வாரன்டியை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக நீட்டியிருக்கிறது. பில்லையும் பெட்டியில் உள்ள எஃப்பிஓ (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் எடுத்து வைத்து மாற்றித் தரக் கேளுங்கள். பெட்டி இல்லாத டிரே ப்ராசசர் என்றால் விற்றவரிடம்தான் போக வேண்டும். சில நூறு ரூபாய் குறைவு என்று டிரே வாங்குகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் வலிக்கும்.

கேள்வி: வாரன்டியில் புது 14700கே வந்ததும் பயாஸில் என்ன வைக்க வேண்டும்?

பதில்: அது வரும் முன்பே, பழையது போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். பிறகு "இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்" தேர்வு. 14700கே-வுக்கு பவர் அளவு 253 வாட், கரன்ட் 307 ஆம்பியர் என்று காட்ட வேண்டும். சில போர்டுகள் இதை 4095 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாமல் வைத்திருக்கும்.

கேள்வி: சிவில் டிராயிங் ஆபீஸ். ஆட்டோகேட், ரெவிட், எப்போதாவது வி-ரே. 16 கோர் வாங்கலாமா?

பதில்: ஆட்டோகேட் பெரும்பாலும் ஒரே கோரில் ஓடும் மென்பொருள். ரெவிட்டும் மாடலைத் திருத்தும்போது அப்படித்தான். 15 கோர் சும்மா நிற்கக் காசு கொடுக்காதீர்கள். ரைசன் 7 9700எக்ஸ், எட்டு கோர், 5.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதோடு 32 ஜிபி ஜோடி. ரெவிட் மாடல் பெரிது என்றால் 64. மிச்சப் பணத்தை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் யுபிஎஸ்ஸிலும் போடுங்கள். வி-ரே ப்ராசசரில் தினமும் ரெண்டர் ஆகும் நிலை வந்தால்தான் 16 கோர் உள்ள 9950எக்ஸ் தன் விலைக்கு வேலை செய்யும்.

கேள்வி: 32 ஜிபி போட்டேன், விண்டோஸ் "15.9 ஜிபி பயன்படுத்தலாம்" என்கிறது.

பதில்: பயாஸ் எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். அங்கே 32 இருந்தால் கோளாறு விண்டோஸில். எம்எஸ்கான்ஃபிக், பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே "மேக்சிமம் மெமரி" டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். பயாஸிலும் 16 என்றால் ராமைக் கழற்றி, இருபுறமும் "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். அப்படியும் ஒரு சேனல் தெரியவில்லையென்றால் கூலரைக் கழற்றி, ப்ராசசரை எடுத்து, சாக்கெட்டின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேரான பின்கள் எல்லாம் ஒரே வரிசையாக மின்னும். வளைந்தது மட்டும் வேறு பக்கம் மின்னும். பின் நேராக இருந்தால் கூலர் திருகுகளைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தாலும் சேனல் விழும். எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கேள்வி: டிடிஆர்5 எல்லாவற்றிலும் இசிசி (பிழை திருத்தும் வசதி) இருக்கிறதாமே? நான்கைந்து நாள் ஓடும் சிமுலேஷனுக்கு அது போதுமா?

பதில்: போதாது. அது ராம் சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் திருத்திக்கொள்ளும். சிப்பிலிருந்து ப்ராசசருக்கு வரும் வழியில் பிட் மாறினால் அதற்குத் தெரியாது, நடந்த திருத்தத்தை விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ சொல்லவும் செய்யாது. உங்கள் வேலைக்கு இசிசி யூடிம் (டெஸ்க்டாப் ஸ்லாட்டில் உட்காரும் இசிசி ராம்) வேண்டும். ரைசன் 9000-உடன் போர்டும் அதை ஏற்க வேண்டும், போர்டு கம்பெனியின் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை என்றால் டபிள்யூ680 சிப்செட் போர்டு. செகண்ட்ஹேண்ட் சர்வர் ராம் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அது ஆர்டிம், இந்தச் சாக்கெட்டில் ஓடாது. சர்வர்களுக்கும் த்ரெட்ரிப்பர் 7000 போன்ற பெரிய வொர்க்ஸ்டேஷன் ப்ராசசர்களுக்கும்தான் அந்த வகை.

கேள்வி: 9950எக்ஸ், ரெண்டர் தொடங்கினால் 95 டிகிரி. பத்து நிமிடத்தில் வேகம் குறைகிறது.

பதில்: 95 அதன் அனுமதிக்கப்பட்ட உச்சம். அங்கே முட்டியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துவிடாது. கூலருக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று முதலில் பாருங்கள். மே மாதச் சென்னை அறை 36 டிகிரி என்றால், 26 டிகிரி ஏசி அறையைவிட ப்ராசசரும் கிட்டத்தட்ட அந்தப் பத்து டிகிரியைக் கூடுதலாகச் சுமக்கும். பயாஸில் 105 வாட் ஈகோ மோட் போட்டுப் பாருங்கள். வேகத்தில் சிறு இழப்பு, சூட்டில் பெரிய குறைவு. ப்ராசசர் 75-இல் இருந்தும் வேகம் விழுந்தால், சூடாவது போர்டில் ப்ராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம். அதன் மேல் காற்றுப் படும்படி ஒரு ஃபேன் வையுங்கள்.

கேள்வி: 16 ஜிபி ஒன்றா, 8 ஜிபி இரண்டா?

பதில்: இரண்டு. ஏ2, பி2 (இரண்டாவது, நான்காவது) ஸ்லாட்டில். 5600 ராம் ஒன்று விநாடிக்கு 44.8 ஜிபி தரும், இரண்டு 89.6 தரும்.

கேள்வி: ரைசன் 5 7500எஃப், மதர்போர்டு எச்டிஎம்ஐ-யில் படமே வரவில்லை.

பதில்: வராது. 7500எஃப்-இல் உள் கிராபிக்ஸ் கிடையாது. கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.