ஐந்து நட்சத்திர வீரர்கள் நிறைய இருந்தால் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஜெயித்துவிடுமா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத்தானே கேட்கிறீர்கள்? பள்ளியில் ஆடும்போதே நிபுணர்களிடம் ஐந்து நட்சத்திர மதிப்பு வாங்கிய பையன்களைத்தானே? 2019 மார்ச்சுக்கு முன்னால் கேட்டிருந்தால், "இதில் என்ன சந்தேகம்" என்றிருப்பேன். அந்த வருடம் ஆபீஸ் பந்தயத்தில் டியூக் பல்கலைக்கழகத்தின் மேல் பத்து டாலர் கட்டியிருந்தேன்.

காரணம் இருந்தது. ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனல் போடும் பள்ளி வீரர் தரவரிசையின் முதல் மூன்று பேரான ஆர்.ஜே. பாரெட், ஸயான் வில்லியம்சன், கேம் ரெடிஷ் எல்லோரும் டியூக்கில் சேர்ந்திருந்தார்கள். மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டியின் காலிறுதியில் எதிரே மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம். 34 விநாடி மிச்சம், டியூக் ஒரு புள்ளி முன்னே. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து கென்னி காயின்ஸ் எறிந்த பந்து ஸயானின் கையைத் தாண்டி உள்ளே போனது. காயின்ஸ், ஸ்காலர்ஷிப் இல்லாமலே அணியில் வந்து சேர்ந்தவர்; அங்கே அவருக்கு அது ஐந்தாவது வருடம். இப்போது டியூக் இரண்டு புள்ளி பின்னே. கடைசி 5 விநாடியில் பாரெட்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் ஒரு புள்ளி வாய்ப்பு. முதலாவது தவறியது. இனி ஒரு புள்ளி போதாது என்பதால், இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு, ரீபவுண்ட் (கூடையில் பட்டுத் திரும்பும் பந்து) தன் அணிக்குக் கிடைக்கப் பார்த்தார். பாழாய்ப்போன பந்து உள்ளே விழுந்துவிட்டது! 68-67. பத்து டாலர் போச்சு.

சரி, தரவரிசை பொய்யா? இல்லை. தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அதே வருடம் ஸயான் முதலாவது, பாரெட் மூன்றாவது, ரெடிஷ் பத்தாவது. இந்தப் பையன் எவ்வளவு தூரம் போவான் என்பதைத்தான் நட்சத்திரம் சொல்கிறது. பள்ளி முடித்து ஒரு வருடம் ஆகாமல் என்பிஏவுக்குள் போக முடியாது என்ற விதி 2006 முதல் இருப்பதால், இவர்களில் பலர் ஒரே சீசன் ஆடிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். யார் யாருக்கு உதவிக்கு ஓட வேண்டும் என்பது பழகும்போதே மார்ச் முடிந்துவிடும். எதிரே நிற்பவர்களோ நாலு வருடம் சேர்ந்து ஆடிய 22 வயதுக்காரர்கள்.

2024-25 ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இன்னும் பரிதாபம். டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்ற ஐந்து நட்சத்திர வீரர்கள் இருவரும் இருந்தும் 15 வெற்றி, 17 தோல்வி. ஆனால் டிராஃப்டில் இருவரும் 2, 5-ஆம் இடங்களில் போனார்கள். கல்யாணச் சமையலுக்குப் பெரிய மாஸ்டர் இரண்டு பேரைக் கூட்டிவந்து, காய் நறுக்க ஆள் வைக்காத கதை.

அதற்காக நட்சத்திரமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2012-ல் கென்டக்கி பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் ஜெயித்தது ஆந்தனி டேவிஸ் என்ற முதலாண்டு மாணவரால்தான். ஆனால் அந்த இறுதிப் போட்டியில் அவர் எடுத்த புள்ளி ஆறுதான். 16 ரீபவுண்ட், 6 பிளாக் (எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவது) என்று வேறு வேலை பார்த்தார். 22 புள்ளி எடுத்தது இரண்டாமாண்டு டோரன் லாம்.

2021-க்குப் பிறகு ஒரு வருடம் ஆடாமல் வெளியே உட்காராமலே கல்லூரி மாறலாம் என்றானதால் பயிற்சியாளர்களும் அனுபவசாலிகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். 2025-ல் ஜெயித்த ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் ஜூனியர், அயோனா பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர்.

நானும் இப்போது அணிப் பட்டியலில் எத்தனையாவது வருட மாணவர் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். அப்படியும் 2024-ல் ஆசை விடாமல் கென்டக்கியைப் போட்டேன். முதல் சுற்றிலேயே ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தின் ஜாக் கோல்கி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து பத்து முறை கூடைக்குள் எறிந்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார். முன்பு ஒரு படி கீழான இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் ஆடியவராம்.