ஐந்து நாள் ஸ்கூபா பயணமும் நம் காதுகளும்: கேள்வி பதில்

அடுத்த மாதம் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை வழியாக அந்தமானின் ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீப்) தீவுக்கு ஐந்து நாள் ஸ்கூபா (காற்று உருளையோடு கடலில் முங்குதல்) பயணம் செல்லவிருக்கும் நம் குழுவினர், காது, சைனஸ் (மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள்) தொடர்பாக அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். நான் வேலூரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராகப் பணிபுரிகிறேன். பல ஆண்டுகளாகக் கடலில் முங்கியும் வருகிறேன்.

ஆற்காட்டிலிருந்து ஒரு தம்பி: எங்கள் பாசனக் கிணற்றில் மூச்சைப் பிடித்து முங்கி அடிமண்ணை அள்ளிக்கொண்டு வருவேன். பத்தடிக்குக் கீழே காது வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவேன். கடலிலும் அப்படிப் பொறுத்துக்கொள்ளலாமா?

கூடாது தம்பி. கிணற்றில் நீங்கள் அரை நிமிடத்தில் மேலே வந்துவிடுகிறீர்கள். ஸ்கூபாவில் முக்கால் மணி நேரம் கீழேயே இருக்கிறீர்கள், அதுவும் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவியில் இருக்கும் காற்று 10 மீட்டர் ஆழத்திலேயே பாதி அளவாகச் சுருங்கிவிடும். அடுத்த 10 மீட்டரில், முதலில் இருந்த அளவில் மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். ஆகையால் காதுக்குக் கடுமையான சோதனை முதல் சில மீட்டர்களில்தான் இருக்கிறது.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது காது அடைத்துக்கொள்கிறதல்லவா? அந்த மலை முழுவதும் இறங்குவதால் ஏறும் காற்றழுத்தம், கடலில் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்குவதற்குத்தான் சமம். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய், செவிப்பறையின் இருபுற அழுத்தத்தையும் சமன் செய்யாமல் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கினாலே அழுத்தத்தால் பூட்டிக்கொள்ளக்கூடும். அதன்பின் வாயை மூடி மூக்கைப் பிடித்து எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஆகவே வலி வந்த பிறகு ஊதுவது தாமதம். படகின் அருகில் நீர்மட்டத்திலேயே ஒரு முறை மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதிவிட்டு, நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி கால் கீழாக இறங்கி, முதல் 10 மீட்டர் வரை அரை மீட்டருக்கு ஒரு முறை சமன் செய்யுங்கள். ஊதுவது ஒத்துவராதவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்கலாம். காது திறக்கவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்கவில்லையென்றால் அந்த முங்கலை விட்டுவிடுங்கள்.

ஆம்பூரிலிருந்து: சென்ற முறை முதல் இரண்டு நாட்கள் சிரமமே இல்லை. மூன்றாம் நாள் காலையில் காது திறக்கவே மறுத்துவிட்டது. சளியும் இல்லை. ஏன்?

பல நாள் பயணங்களில் நான் மிகுதியாகக் காண்பது இதைத்தான். முதல் நாள் சற்றுத் தாமதமாகச் சமன் செய்த ஒவ்வொரு முறையும் நடுச்செவியின் சவ்வு இலேசாக வீங்கியிருக்கும். வலி இல்லாததால் நமக்குத் தெரிந்திருக்காது. இரவில் அந்த வீக்கம் முழுவதும் வடிவதில்லை. மறுநாள் அதன்மேல் இன்னொரு வீக்கம் சேர்கிறது. மூன்றாம் நாள் குழாயின் வாயே குறுகிவிடுகிறது. காதுக்குள் நீர் இருப்பது போன்ற மந்தம், விழுங்கும்போது சடசடவென்ற ஒலி, தன் குரலே பானைக்குள் பேசுவது போலக் கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள்.

அப்படி இருந்தால் குறைந்தது ஒரு நாள் முழுவதும் ஓய்வு கொடுங்கள். பலர், 'ஆழம் குறைந்த இடத்தில் மட்டும் முங்குகிறேனே' என்று சமாதானம் சொல்வார்கள். அது தவறான கணக்கு. ஆழம் குறைந்த இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதுதான் காதை அதிகம் வருத்தும். ஆசையை அடக்குவது எவ்வளவு கடினம் என்பது எனக்கும் தெரியும். ஹேவ்லாக்கில் ஒரு மூன்றாம் நாள், படகில் எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்களே என்ற கூச்சத்தில், நெற்றி கனத்திருந்தும் பலமாக ஊதிக்கொண்டு இறங்கினேன். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியபோது, கண்ணாடியின் உட்புறத்தில் சளியோடு வெந்தயம் அளவுக்கு இரத்தத் துளிகள் ஒட்டியிருந்தன. நெற்றிச் சைனஸின் சவ்வு கிழிந்திருந்தது. மீதி இரண்டு நாட்களும் நான் கரையில்தான் இருந்தேன்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி: எனக்குப் பல ஆண்டுகளாகச் சைனஸ் உண்டு. மூக்கடைப்புச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு இறங்கலாமா?

அடைப்பு இருக்கும்போது மருந்தால் வழியைத் திறந்துகொண்டு இறங்குவதை நான் ஆதரிப்பதில்லை. மருந்தின் வேகம் கீழே இருக்கும்போது தணிந்துவிட்டால், மேலே ஏறும்போது விரியும் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். இறங்க முடியாதவர் இறங்காமல் இருந்துவிடலாம். ஏற முடியாதவர் என்ன செய்வார்? அப்படி நேர்ந்தால் சற்றுக் கீழே இறங்கி, காற்றின் இருப்பைப் பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக ஏற வேண்டும். மேலும் ஆக்ஸிமெடாசோலின் வகைச் சொட்டு மருந்தை மூன்று நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். உங்களுக்கு உதவக்கூடியது ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. அது முழுப் பலன் தர நாட்கள் எடுக்கும் என்பதால், மருத்துவரைக் கேட்டுப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். மாலையில் உப்புநீரால் மூக்கைக் கழுவலாம்; ஆனால் கொதிக்க வைத்து ஆறிய நீராக இருக்க வேண்டும், குழாய் நீர் கூடவே கூடாது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், ஆனால் அது முங்குவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. மேல்வரிசைப் பற்களில் வலி வந்தால் கன்னச் சைனஸையும் சந்தேகியுங்கள்.

குடியாத்தத்திலிருந்து: நீரிலிருந்து வந்ததும் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்கிறார் அம்மா. விடலாமா?

அம்மாவின் அக்கறை புரிகிறது, ஆனால் விட வேண்டாம். தினமும் பல மணி நேரம் ஊறுவதால் காதுத் துளையின் தோல் மென்மையாகி, காவலாக இருக்கும் குறும்பியும் கரைந்து, கிருமி தொற்றுவதற்கு இடம் கொடுக்கிறது. காது மடலை இழுத்தால் வலித்தால் அது வெளிக்காதுத் தொற்று. பட்ஸ், கொண்டை ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். முங்கி வந்ததும் நல்ல நீரில் அலசி, தலையைச் சாய்த்து வடியவிட்டுத் துண்டால் ஒற்றுங்கள். அசெட்டிக் அமிலச் சொட்டு மருந்து நல்ல தடுப்பு; செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் மட்டும் அதைத் தொடக்கூடாது.

வாலாஜாவிலிருந்து: சிறுவயதில் காதில் சீழ் வடிந்தது. நான் வரலாமா?

செவிப்பறையைப் பரிசோதிக்காமல் வர வேண்டாம். ஓட்டை இருந்தால் குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து, கடலுக்கடியில் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும்.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து: கடைசி நாள் காலையில் முங்கிவிட்டு மாலை விமானத்தைப் பிடிக்கலாமா?

பல நாட்கள் தொடர்ந்து முங்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நம் குழுவுக்கு 24 மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். அது உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் விமானத்தில் குமிழியாக மாறாமல் இருப்பதற்காக. காது அடைத்திருப்பவர்களுக்கு விமானம் இறங்கும்போதுதான் தொல்லை அதிகம். அவர்கள் சென்னையை நெருங்கும்போது தூங்காமல் விழுங்கிக்கொண்டே வரட்டும். ஆனால் முங்கிய பின் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, விடாத இரைச்சலும் தலைச்சுற்றலும் இருந்தாலோ, ஊர் திரும்பும் வரை காத்திருக்காதீர்கள். பலமாக ஊதியதால் உட்காது கிழிந்திருக்கலாம், அல்லது அங்கே நைட்ரஜன் குமிழி சேர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. உடனே என்னை எழுப்புங்கள், நடு இரவானாலும் சரி.