காணி, கலியாண எழுத்து, காணாமற்போனோர்: வன்னி ஊர்களிலயிருந்து வந்த சட்டக் கேள்வி பதில்

விசுவமடு: அக்கா, அப்பா போன மாசம் மோசம் போனார். இரண்டு ஏக்கர் பெர்மிற் காணி, அரசு அனுமதிப்பத்திரத்தில குடுத்தது. நான் மூத்தவள். ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் காணி எண்டு தம்பி நிக்கிறான்.

பதில்: தம்பி பழைய சட்டம் கதைக்கிறார். 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்ர வாரிசு வரிசை சொல்லுற மூன்றாம் அட்டவணையில மகன்மார் முதல், மகள்மார் பிறகு. பத்து வயது இளையவனும் அக்காவை முந்துவான். 2022 இன் 11 ஆம் இலக்கத் திருத்தத்தோட அது போச்சு. இப்ப பிள்ளைகள் எண்டு ஒரே பிரிவு, அதில மூத்தவருக்கு முதலிடம். குடும்பத்தைத் தனிய இழுத்த பெண்கள் நிறைஞ்ச ஊர் இது. சட்டத்துக்கு அவையள் கண்ணில பட 2022 ஆக வேண்டிக் கிடந்தது.

ஆனா அட்டவணை கடைசிப் படி. அம்மா இருக்கிறாவோ? முதல் அவ. அடுத்தது, அப்பா பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணி எடுக்கிறவர், பெயர் குறிச்சவரோ, அதைப் பதிஞ்சவரோ? அவர் உயிரோட இருக்கேக்க பதியாத நியமனம் செல்லாது. வெள்ளைத்தாளில எழுதி ஒப்பம் வைச்சது சும்மா கடுதாசி. அம்மாவோ பெயர் குறிச்சவரோ ஆறு மாதத்துக்குள்ள காணியைப் பொறுப்பெடுக்க வேணும், அதைத் தவற விடாதேங்கோ. பெர்மிற், இறப்பு, விவாக, பிறப்புச் சான்றிதழ்களோட பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கோ.

மாங்குளம்: அண்ணா காணாமற்போனவர். அண்ணியை இறப்புச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுகினம்.

பதில்: அது மட்டும்தான் வழி எண்டில்லை. 2010 இன் 19 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவரைச் செத்தவராப் பதிய வழிவிட்டது. 'செத்தவர் எண்டு நான் எப்பிடி ஒப்பம் வைக்கிறது' எண்டு கேட்ட குடும்பங்களுக்காக 2016 இல அதைத் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தவை. செல்லுபடி இரண்டு வருசம். உதவிப்பணத்துக்கும் சொத்தைத் தற்காலிகமாப் பராமரிக்கவும் உதவும்.

கிளிநொச்சி: அதை எடுத்தா கோப்பை மூடிப்போடுவாங்கள். 2017 பெப்ரவரி 20 இல காணாமற்போன பிள்ளையளைக் கேட்டு இஞ்ச கந்தசுவாமி கோயிலடியில போராட்டத்தில குந்தின அம்மாமாருக்கு இது துரோகம்.

பதில்: சான்றிதழ் எடுத்தா தேடுறதை நிப்பாட்டலாம் எண்டு சட்டத்தில இல்லை. அரசை நம்பேலாது எண்டு சொல்லுங்கோ, அதுக்கு நான் மறுப்புச் சொல்லமாட்டன்.

மல்லாவி: துரோகம் எண்டு சொல்லுறவர் வந்து வங்கிக் கவுண்டரில நிண்டு பார்க்கட்டும். புருசன் எங்க, ஒப்பம் எங்க எண்டுதான் கேக்கிறாங்கள்.

கிளிநொச்சி: அப்ப நீதி?

பதில்: இரண்டு பேரும் நிப்பாட்டுங்கோ. எடுக்கிறதும் விடுறதும் அந்தக் குடும்பத்தின்ர முடிவு. எடு எண்டு நெருக்கவும், எடுத்தவளைத் துரோகி எண்டு சொல்லவும் எவருக்கும் உரிமையில்லை. அண்ணிக்கு ஒண்டு மட்டும்: ஒப்பம் வைக்க முதல் படிவத்தின்ர தலைப்பை வாசிக்கச் சொல்லுங்கோ. இறப்புப் பதிவுப் படிவத்தை நீட்டினா அதை எடுக்காமல் வரச் சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டான்: புருசன் அடிக்கிறார். பொலிஸில சமாதானமாப் போகச் சொல்லுகினம்.

பதில்: தங்கச்சி, பொலிஸைத் தாண்டி நேர நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2005 இன் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அம்மா வீட்டில நிண்டா அந்தப் பகுதி நீதிமன்றத்திலயே விண்ணப்பிக்கலாம். முதல் இடைக்காலக் கட்டளை, 14 நாளுக்குள்ள விசாரணை, பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. மீறினா ஒரு வருசம் வரை சிறை, 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். விவாகரத்துக் கேக்கத் தேவையில்லை. 'குடும்ப விசயம்' எண்ட கதை சட்டத்தில 2005 ஓட முடிஞ்சுது. மேசைக்கு அங்கால இருக்கிற சிலருக்கு இன்னும் முடியேல்லை. காயமிருந்தா இண்டைக்கே ஆஸ்பத்திரியில காட்டிப் பதியுங்கோ.

அக்கராயன்: மகளுக்குப் 17. நாங்கள் சம்மதம். எழுத்து வைக்கலாமோ?

பதில்: ஏலாது. 1995 திருத்தத்துக்குப் பிறகு கலியாண வயசு 18. பெற்றார் சம்மதம் வயசைக் குறைக்காது.

தருமபுரம்: அக்கா, பெர்மிற் காணி ஆம்பிளைப் பிள்ளைக்கோ?

பதில்: மேல இருக்கு. வாசியுங்கோ.

முறிகண்டி: எங்கட அப்பாவும் போயிட்டார், காணி...

பதில்: பின்னுரித்தாளரைப் பதிஞ்சவரோ? அதைப் பார்த்திட்டு வாங்கோ.

பூநகரி: அப்பா இருக்கிறார், 78 வயசு. பெர்மிற் காணிக்கு ஆரின்ர பெயரும் குறிக்கேல்லை.

பதில்: இண்டைக்கு வந்ததில நேரத்துக்குக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். படிவம் மூண்டு பிரதி. பிரதேச செயலாளருக்கு முன்னால ஒப்பம் வைக்கலாம். வைச்சதோட வீட்ட வந்திடாதேங்கோ, பதிவு இலக்கத்தைக் கையில வாங்கிக்கொண்டு வாங்கோ.