“ஒண்ணுமில்லை, போம்மா”

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகனுக்கு 16 வயது. ஒரு மாதமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். கிரிக்கெட் விளையாடப் போவதையும் விட்டுவிட்டான். என்னடா ஆச்சு என்றால், “ஒண்ணுமில்லை, போம்மா” என்கிறான். போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அவன் அப்பா. என்ன செய்வது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்கள் கடிதத்தில் கிரிக்கெட் பற்றிய வரியில்தான் நான் நின்றுவிட்டேன். இந்த வயதில் சிடுசிடுப்பது சகஜம். வீட்டில் முறைத்துக்கொண்டு, நண்பர்களோடு சிரித்து விளையாடினால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஆசையாகச் செய்துவந்ததையே விட்டுவிடுவது, தூக்கமும் பசியும் மாறுவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மனச்சோர்வா என்று பார்க்கத்தான் வேண்டும். வளரிளம் பருவத்தில் அது அழுகையாக வராமல் எரிச்சலாகவே வருவதுண்டு. வீட்டில் அதற்குத் ‘திமிர்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அவன் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. நண்பர்களோடு மிச்சமிருக்கும் ஒரே தொடர்பு அந்தப் போனாக இருக்கலாம், பிடுங்காதீர்கள். இரவு பத்தரைக்கு மேல் எல்லாருடைய போனும், அப்பாவுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போவதால் சீக்கிரம் கண் அசராது. அப்படிப்பட்ட பிள்ளையைக் காலை நான்கரைக்கு எழுப்பிப் புத்தகத்தின் முன் உட்காரவைக்கும் நம் ஊர்ப் பழக்கத்தில் எனக்கு உடன்பாடே கிடையாது.

சரி, எப்படிப் பேசுவது? எதிரே உட்காரவைத்து “சொல்லு, என்ன பிரச்சினை?” என்றால் அது விசாரணை. “ஒண்ணுமில்லை” தவிர வேறு பதில் வராது. முருங்கைக்கீரை உருவும்போது பாதியை அவன் பக்கம் தள்ளுங்கள். கையில் வேலை இருக்கும், முகம் பார்க்க வேண்டியதில்லை. “கொஞ்ச நாளா நீ கிரிக்கெட்டுக்குப் போறதில்லையே” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீரையைப் பாருங்கள். அன்றைக்கு வாயே திறக்காமல் போகலாம். மூன்றாம் நாள் டியூஷனுக்குப் போகும் வழியில், ஸ்கூட்டரின் பின்னாலிருந்து ஆரம்பிப்பான். அப்போது குறுக்கே புகாதீர்கள். “இதுக்கெல்லாமா? எங்க காலத்துல…” என்று தொடங்கினால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். (என் வீட்டிலேயே அதைச் சொல்லி மாட்டிக்கொண்டவள் நான்.)

“இருந்து என்ன பயன்” என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் நேராகவே கேளுங்கள்: “செத்துப் போகலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஒரு மாதமாகிவிட்டதால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. 2022 முதல் இயங்கும், தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவர் அவனிடம் தனியாகப் பேச வேண்டும் என்று உங்களை வெளியே உட்காரச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், முதல் தடவை நீங்களும் அவன் அப்பாவும் மட்டும் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.