ஹேசல்நட் தனியாக நின்றால் காய்க்காது

பிள்ளைகள் அமெரிக்காவில் தோட்டம் போடுகிறார்கள், கவலை மட்டும் மலேசியாவில் இருக்கும் பெற்றோருக்கு. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஹேசல்நட்டைப் பற்றியவை. அதனால் அவற்றையே எடுத்துக்கொண்டேன்.

மகன் ஒஹாயோவில் வீடு வாங்கி, அந்த மண்ணின் செடியே வேண்டும் என்று அமெரிக்க ஹேசல்நட் ஒன்றை நட்டான். ஐந்து வருடமாகிறது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, சரம் சரமாகப் பூ தொங்குகிறது. ஒரு கொட்டைகூட இல்லையே, ஐயா? (பட்டர்வொர்த் வாசகி)

செடியில் குறை இல்லை, அம்மா. அதற்குத் துணைதான் இல்லை. நீங்கள் பார்த்த சரங்கள் ஆண் பூக்கள். பெண் பூ சட்டென்று கண்ணில் படாது. மிச்சிகனில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, மார்ச் மாதக் குளிரில் கிளை கிளையாகக் குனிந்து தேடித்தான் அதைக் கண்டுபிடித்தேன். இலையே விடாத குச்சியில் ஒரு சின்ன மொட்டு, அதன் நுனியில் குங்குமப்பூவைக் கிள்ளி வைத்தது போல நாலைந்து சிவப்பு இழைகள். பூ என்பது அவ்வளவுதான். காற்றில் வரும் மகரந்தம் அந்த இழையில் படிய வேண்டும். ஆனால் ஹேசல்நட் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு செடியிலிருந்து வந்தால்தான் காய் பிடிக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அடியிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பிரித்து நட்டுவிட்டு, இரண்டு செடி ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது அதே செடிதான், பயன் இல்லை. விதையிலிருந்து முளைத்த கன்றுகளாக இரண்டு வாங்கி, மூன்று மீட்டர் இடைவெளியில், நல்ல வெயில் படும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் மூன்று நான்கு வருடம் பொறுமை வேண்டும்.

உள்ளூர் வகையைத் தேர்ந்தெடுத்த உங்கள் மகனைப் பாராட்டுகிறேன். கடையில் கிடைக்கும் பெரிய கொட்டை ஐரோப்பிய வகை. கிழக்கு அமெரிக்காவில் ஒரு பூஞ்சை நோய் அதன் கிளைகளைப் புண்ணாக்கிக் காயவைத்துவிடும். அந்த மண்ணின் செடி அதே நோயோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியது. கொட்டை சிறியது, ஓடு தடிப்பு, ஆனால் செடி நிலைத்து நிற்கும்.

மகள் வீட்டுச் செடி நன்றாகக் காய்க்கிறது. ஆனால் பழுப்பதற்குள் அணில் தீர்த்துவிடுகிறது. மிஞ்சியதில் பாதி ஓட்டை. (செந்தூல் வாசகர்)

அணிலை முந்திக்கொள்வதுதான் வழி. ஆகஸ்டு கடைசியிலிருந்து தினமும் பார்க்கச் சொல்லுங்கள். கொட்டையைச் சுற்றிய இலை உறையின் விளிம்பு பழுக்கத் தொடங்கி, உள்ளே கொட்டை விரலுக்குச் சுழன்று கொடுத்தால் உறையோடு பறித்து, வீட்டுக்குள் உலர்த்தலாம். ஓட்டை போடுவது வண்டின் புழு. பறித்ததும் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிடுங்கள். கீழே விழுந்ததையும் பொறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் புழு மண்ணுக்குள் போய் மீண்டும் வண்டாக வரும்.

பேரங்காடியில் வாங்கிய ஹேசல்நட்டைத் தொட்டியில் ஊன்றினேன். இரண்டு மாதமாகியும் முளைக்கவில்லை. (ஆயர் ஈத்தாம் வாசகி)

வறுத்த கொட்டை முளைக்காது. பச்சைக் கொட்டையாக இருந்தாலும் ஈர மணலில் வைத்து மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்க வேண்டும். அதைக் குளிர்ப்பெட்டியில் செய்துவிடலாம். ஆனால் வளர்ந்த செடிக்கும் வருடந்தோறும் ஏறத்தாழ 800 முதல் 1,200 மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். பினாங்கில் இரவிலேயே 24 டிகிரி. கேமரன் மலையின் குளிரும் போதாது. உங்கள் ஆசை புரிகிறது. ஆனாலும் உறங்க முடியாத செடியைத் தொட்டியில் வைத்து வாட்டாதீர்கள்.

அங்கிருந்து கன்று ஒன்றைப் பையில் கொண்டுவரலாமா? (ஜெலுத்தோங் வாசகர்)

கூடாது. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுப் பயிர்த் தனிமைப்படுத்தல் சட்டப்படி அதற்கு முன் அனுமதி வேண்டும். மண்ணோடு நோயும் வரும்.

சரி, பினாங்கு வீட்டில் கொட்டை மரம் வைக்கவே முடியாதா? (பாலிக் பூலாவ் வாசகி)

முடியும், அதுவும் நன்றாகவே. உங்கள் மண்ணுக்குச் சொந்தமானது கெத்தாப்பாங், நம் ஊர்க்காரர்கள் நாட்டு வாதுமை என்பது. பழத்தைக் காயவைத்து உடைத்தால் உள்ளே விரல் நுனியளவு பருப்பு, வாதாம் போலவே இருக்கும். ஆனால் அகலமாகப் படரும் மரம், வரிசை வீட்டுக்கு ஆகாது. இடம் குறைவென்றால் கஜூஸ், அதாவது முந்திரி வையுங்கள். பிரேசிலிலிருந்து வந்த மரம்தான், இருந்தாலும் கம்பத்துக் கிராமங்களில் அதன் கொழுந்தை சம்பல் தொட்டுச் சாப்பிடாதவர் குறைவு. கவாத்து செய்து புதராகவே வைத்துக்கொள்ளலாம். கொட்டையை மட்டும் பச்சையாக உடைக்காதீர்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும்.